தடைக்காலம், நாற்பத்தாறாம் நாள்

மூக்கையூர்க் கொட்டகையின் மூன்று பக்கமும்
தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தார்கள்.
கச்சான் வாரிக்கொண்டு வரும் மணல்
ஈரப் பெயிண்டில் ஒட்டினால்
ரெண்டாயிரம் பிடித்துக்கொள்வார் ராயப்பு.

சாயல்குடியிலிருந்து என்னை வரச்சொன்னது
டியூப்லைட் மினுக்குகிறது என்றுதான்.
ஏணியில் நிற்கும்போது செய்யது நெய்னா
மடக்கிய விரலைக் காட்டினார்:
"தின்னர ஊத்துறப்ப சுள்ளுங்குது தாயி.
மெயின் ஆஃப்லதான் கெடக்கு."

ஆஃப்தான். போர்டை நானே பார்த்தேன்.

இது போர்டிலிருந்து வருவதில்லை.
குழாய்க்குள் பெயிண்ட் விரைகிற உரசலில்,
வாளிக்குள் தின்னர் விழுகிற விழுகையில்
சத்தமில்லாமல் சேர்வது.
சேர்ந்தது இறங்க வழியில்லை.
நாற்பதடி இரும்புப் படகு
காய்ந்த பனைத்தடிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது.
தண்ணீரில் கிடந்தவரை
கடலே அதற்கு எர்த்து.
கரையேறி நாற்பத்தாறு நாள்,
இன்னும் மண்ணைத் தொடவில்லை.

"எர்த்தெல்லாம் போட்டிருக்கே" என்றார் ராயப்பு.
பச்சைக் கம்பி, அழகாக முறுக்கி
தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது.
தட்டினேன். டொக்.
போன ஆடியில் துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு
பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள்.
கம்பியைப் பத்திரமாக அவிழ்த்து
பத்திரமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

சிரித்துவிட்டேன்.
பிறகு, அடைபட்டு நின்ற நெடி மூக்கில் ஏறியது.
தின்னர் டின்கள் பதினொன்று,
மூலையில் நனைந்த கந்தல்,
நெய்னாவின் நைலான் சட்டை.
ஒரு சுள்.

"இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு
கடல் தொறக்க" என்று ராயப்பு ஆரம்பித்தார்.
நான் மீட்டரை எடுக்கவில்லை.
கத்தியை எடுத்து
தார்ப்பாய்க் கயிறுகளை அறுத்தேன்,
முதலில் காற்று வரும் பக்கம்,
பிறகு அது போகும் பக்கம்.

மற்ற ஊர்களில் எர்த்துக் குழிக்கு
கரியும் உப்பும் மூட்டையாய்க் கொட்டுவோம்.
இங்கே உப்புக்கு நான் காசு வாங்கவில்லை.
மேல்மணல் பொரிகடலை போல் வறண்டு கிடந்தது.
இடுப்பளவு தோண்டியதும் கசிந்தது கரிப்பு.
தகட்டை அதில் இறக்கினேன்.

அப்புறமும் மீட்டர் அசையவில்லை.
கிளிப்பின் பல்லுக்கும் படகுக்கும் நடுவே
நேற்றைய நீலம்.
அதை ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்ட
நெய்னா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
வெள்ளையாய் இரும்பு தெரிந்தது.
கவ்வவிட்டேன்.
இரண்டு ஓம், கொஞ்சம் சில்லறை.

டின்னிலிருந்து வாளிக்கு ஒரு கம்பி,
கன்னுக்கு ஒன்று.
கந்தலுக்கு மூடி போட்ட தகரம்.
மறுநாள் நெய்னா
மருமகனின் பருத்திச் சட்டையில் வந்தார்,
வயிற்றில் பொத்தான் பூட்டாமல்.
தின்னரை ஊற்றினார். விரலைப் பார்த்தார்.
இன்னொரு முறை ஊற்றினார்.

படகு குறித்த நாளில் இறங்கிவிட்டது.
அதன் வலப்பக்கம் விரலை ஓட்டினால்
நீலத்துக்குள் மணல் நறநறக்கும்.
ரெண்டாயிரத்தை ராயப்பு பிடித்துக்கொண்டார்,
என் கூலியில்.