பதினோரு நாள்

நான் செய்தது ஒரு கதவு மட்டும்.
உள்ளே போவது நானில்லை, ஏஜென்ட்.
கேள்வியைத் தூக்கிக்கொண்டு போகும்,
கோடிக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடுவே
செருப்பைக் கழற்றாமல் நடக்கும்.
சில வாசல்களில் காசு கேட்பார்கள்;
சுருக்கத்தை மட்டும் முகர்ந்துவிட்டு வரும்.
ஆரம்பத்தில் ரொம்பப் பொய் சொன்னது,
எழுதப்படாத கட்டுரைக்குப் பக்க எண் வரைக்கும்.
கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொல்லவைக்கவே
போன குளிர்காலம் முழுக்கச் செலவானது.

தார்த்து நகரம். பிப்ரவரி. இரவு இரண்டே கால்.
ஜன்னலுக்குக் கீழே ஆறு
உறையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
ரீலிகா கேட்டிருந்தாள்:
பனிக்குகை இல்லாத ஆண்டில்
சீல் குட்டி எத்தனை நாள் தாங்கும்?

பதினொன்று, என்றது.
அறுபத்து மூன்று கட்டுரைகள், ஒரே குரல்.
பதினொன்றை வைத்து இழுத்த வளைகோடுகள்,
பதினொன்றை நம்பித் தேதி குறித்த ஒரு சட்டம்,
ஹெல்சின்கியில் ஒருவருக்கு முனைவர் பட்டம்.
போதும் என்று படுக்கப் போயிருக்கலாம்.
அவள் இன்னொரு வரி தட்டினாள்:
முதலில் சொன்னது யார்?

நதிமூலம் கேட்கக் கூடாதுதான்.
ஆனால் கதவு வைத்ததே அதற்கு.

அது போன வழியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறுபத்து மூன்றும் ஒன்பதைக் கை காட்டின.
ஒன்பதில் நான்கு
ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டு நின்றன,
கடன்காரன் வந்த வீட்டு அண்ணன் தம்பிகள் மாதிரி.
மிச்ச ஐந்தும் இரண்டிடம் போயின.
ஒன்று ஸ்வீடிஷ், ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலோடு;
புரட்டிப் பார்த்தால் அதுவும் மற்றதன் நகல்.
மற்றது ரஷ்ய மொழியில், 1971,
ஏதோ மீன்வள அலுவலகத்தின் அறிக்கை,
பக்கம் நாற்பது, அடிக்கும் அடியில்
எறும்பு ஊர்ந்துபோன தடம் போல ஒரு குறிப்பு:
நேரில் சொன்னது. மி. வேசிக், மீனவர், கிஹ்னு தீவு.

அங்கே நின்றது.
இதற்கு அப்பால் ஆவணம் இல்லை, என்று எழுதியது.
அடுத்த வரியில்:
இதற்கு அப்பால் ஆளைத்தான் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமைப் படகில் ரீலிகா போனாள்.
கடலில் பனி இல்லாததால்
பிப்ரவரியிலும் ஓடுகிற படகு.

மிஹ்கெல் வேசிக் செத்து முப்பத்தைந்து வருஷம்.
மகள் எல்யு இருந்தாள்,
பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிளுக்குச் செயின் மாட்டியபடி,
கோடு போட்ட சிவப்புப் பாவாடையில் கிரீஸ்.

"பதினொன்றா?" நிமிரவில்லை.
"அந்த மாசி... இல்லை, மார்ச் மாதம்,
பனிப்பாளத்தில் கூடாரம் அடித்து
அப்பா உட்கார்ந்திருந்தது பதினோரு நாள்.
அப்புறம் ரொட்டி தீர்ந்தது, வந்துவிட்டார்."

குட்டி?

"அவர் கிளம்பும்போது
பால் குடித்துக்கொண்டிருந்ததாம்.
அந்த ஸ்பேனரை எடு."

அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.
காற்று இரைந்தது, அவள் பேசவில்லை.
அறுபத்து மூன்று கட்டுரைகள்,
ஒரு சட்டம், ஒரு முனைவர் பட்டம்,
ஒரு மனிதனின் ரொட்டி தீர்ந்த தேதி.

சிரித்தோம்தான்.
பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.
எல்யுவின் எண்
தீவின் ஒரே கடையில், கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதாம்:
வண்டி பழுது பார்க்கப்படும்.
ஐம்பது வருஷத்தில் எவனும் அழைக்கவில்லை,
வண்டி பழுதானவர்களைத் தவிர.

இப்போது ரீலிகா எழுதிக்கொண்டிருக்கிறாள்.
எத்தனை நாள் என்று அவளுக்கும் தெரியாது,
தெரியாது என்றே எழுதுகிறாள்.
அடிக்குறிப்பு ஏழு:
நேரில் சொன்னது. எ. வேசிக், கிஹ்னு தீவு.
போன் எண்ணையும் சேர்க்கட்டுமா, என்று கேட்டாள்.

தலைப்புக்கு, ஆண்டுக்கு, ஆசிரியருக்கு,
மேற்கோள் எண்ணிக்கைக்குக்கூட
என் கதவில் ஒரு கட்டம் உண்டு.
இதற்கு இல்லை.

இரவு இரண்டே கால்.
அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.