பதினோரு முள்

மணல் ஓடையைத் தாண்டியதும்
பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.
லொரிண்டா சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்தாள்.

ஆட்டுத்தலை என்பார்கள் யூட்டாவில்,
இரண்டு கொம்பு இருப்பதால்.
வேறொன்றுமில்லை, நெருஞ்சிதான்.
பதினொன்று எண்ணிப் பிடுங்கினாள்.
ஒட்டுப்போட மிச்சம் நான்கு துண்டு.
டிரக் நிற்கும் இடத்துக்குப் பதினேழு மைல்.

"தண்ணியில முக்கினா குமிழி காட்டும்"
என்ற கார்பின்
சட்டென வாயை மூடிக்கொண்டான்.
பாட்டிலில் நாலு மடக்கு.
பாறை மேல் அண்டங்காக்கை ஒன்று
எங்கள் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

காற்றடித்த ட்யூபை
வெடித்த உதட்டருகே வைத்து
மெல்ல மெல்ல நகர்த்தினாள்,
இரவுப் பணியில்
குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று
குனிந்து பார்க்கிற நர்ஸ் அவள்.
"இங்க."
சிறிது நேரம் கழித்து, "இங்கயும்."
இத்தனை பெரிய வெளியில்
அத்தனை சின்னக் காற்று.

நான்கு ஓட்டை அடைபட்டன.
மீதிக்கு, ட்யூபை உருவிப் போட்டுவிட்டு
டயர் நிறையக் காய்ந்த புல்லைத் திணித்தோம்.
கார்பின் பாடாத கெட்ட வார்த்தை பாக்கியில்லை.
அரைவட்டத்துக்கு ஒரு குதி,
பல்லெல்லாம் ஆட,
செம்மண் மேடுகள் ஊதா நிறமாகும்வரை
புல் மீது போனோம்.

கடைசி வளைவில் அவள் இறங்கினாள்.
பாதையோரம் மஞ்சளாய், ஐந்து இதழ்,
சட்டைப் பொத்தான் அளவில் பூக்கள்.
சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு
சுற்றி நடந்தாள்.

"இனி டயர்ல என்ன இருக்கு கெட்டுப்போக?"
என்று கத்தினான் கார்பின்.

அவள் திரும்பவில்லை.
பாட்டில் அவள் இடுப்பில்
இன்னும் குலுங்கியது.