வரைபடத்துக்கு வடக்கே

ஞாயிறு மாலை ஏழு மணி, ஃப்ரேசர் டவுன்,
பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி.
மலாயா மறுபடி விழத் தொடங்குகிறது.

பூவையா எப்போதும் ஜப்பான்.
நான் பிடிவாதமாக பிரிட்டிஷ்.
பகலில் அவனுக்குப் பயிர்க் காப்பீடு.
எனக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கு:
எந்த லாரி எந்த வழியில் போனால்
எத்தனை லிட்டர் டீசல் மிஞ்சும்.
ஆகவே இருவருக்கும் தெரியும்,
தோல்வி என்பது பெரும்பாலும்
யாரோ கையெழுத்துப் போடத் தாமதித்த காகிதம்.

டிசம்பர் ஆறு. கப்பல்கள் கண்ணில் பட்டுவிட்டன.
சயாமுக்குள் முந்திப் போய்
சிங்கோராவைப் பிடிக்கத் திட்டம் இருந்தது,
பெயர்கூட வைத்திருந்தார்கள்.
இரண்டு நாள் யோசித்தார்கள்.
மழையில் நின்ற சிப்பாய்களுக்கு
கடைசியில் உத்தரவு வந்தது,
போகாதே என்று.

நான் யோசிக்காமல் போகிறேன்.
விமானத் துணையில்லாமல் போர்க்கப்பலை அனுப்பமாட்டேன்.
தீவின் வடகரையில் அரண் கட்டுவேன்;
கட்டினால் ஊரின் மனம் தளரும் என்றவர்களைத்
தளரவிட்டே கட்டுவேன்.
பாலங்களை விடியுமுன் தகர்ப்பேன்.
இத்தனை செய்தும்
பதினோரு ஞாயிறு தோற்றேன்.
சைக்கிளில் வருகிறான் பூவையா,
டயர் கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்தில் வருகிறான்,
பன்னைக் கடித்துக்கொண்டு.

பன்னிரண்டாவது ஞாயிறு, பெல்லந்தூர் மூழ்கிய மழையில்,
பிப்ரவரி பதினைந்தன்று
என்னிடம் இன்னும் தண்ணீர் இருந்தது.
அவனிடம் குண்டு தீர்ந்திருந்தது.
(அன்றைக்கும் தீரும் தறுவாயில்தான் இருந்ததாம்.
இந்தப் பக்கம் யாருக்கும் தெரியவில்லை.)
சிங்கப்பூர் நின்றது.
கீழே ஓடிப்போய், கடை சாத்துமுன்,
பிளம் கேக் வாங்கிவந்தோம்.

அட்டைச் சதுரங்களைப் பொறுக்கிப் பெட்டியில் போடும்போது
விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கம், பொடி எழுத்து:
தொழிலாளர்களுக்குத் தனிக் காய்கள் இல்லை.
தேவையான அளவு இருப்பதாகக் கொள்க.

கொள்க.

அப்பாவின் சித்தப்பா கோலப்பன்
சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் வெட்டியவர்.
எங்கள் வீட்டில் அவரைப் பற்றி இருப்பது
ஒன்றரை வாக்கியம்.
ஏதோ இலவசப் படம் காட்டுகிறார்கள் என்று போனாராம்,
கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றி,
மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி,
சயாமில் ரயில் பாதை, அப்புறம்

அவர் செய்த போர்த்தந்திரப் பிழை அது ஒன்றுதான்.
மாற்று வழிகளை எழுதிப் பார்த்தேன்,
கிடங்கில் எழுதுவதுபோல.
காய்ச்சல் என்று படுத்திருக்கலாம்.
பக்கத்து லயத்தில் சீட்டாடியிருக்கலாம்.
பாதியில் எழுந்து ஒன்றுக்குப் போயிருக்கலாம்.
படம் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர் நின்றிருந்தால் பிழைத்திருப்பாரா
என்றான் பூவையா.
மறுபடி விரித்துப் பார்த்தோம்.
நான் ஜெயித்த ஆட்டத்தில்
சுங்கை சிப்புட் இருக்கும் அறுகோணத்தை
கிறிஸ்துமஸுக்கு முன்பே விட்டுக்கொடுத்திருந்தேன்.
நல்ல காரணம் இருந்தது.
தெற்கே ஆள் தேவைப்பட்டது.

அந்த ரயில் பாதையைத் தேடினேன்.
வரைபடம் கிரா பூசந்தியோடு முடிகிறது.
அதற்கு வடக்கே மேசை.
மேசையில், பன்னிரண்டு வாரமாக
நாங்கள் டீ டம்ளர் வைத்த இடத்தில்
ஒன்றின்மேல் ஒன்றாக வட்டக் கறைகள்.
ஈரத்துணியால் துடைத்தேன்.
இரண்டு போயின.

இன்று ஞாயிறு. மழை விடவில்லை.
டிசம்பர் ஆறு, என்கிறான் பூவையா,
டம்ளரை வழக்கமான இடத்தில் வைத்தபடி.
பகடை என் உள்ளங்கையில்.
உருட்டு, என்கிறான்.
சூடாயிருக்கிறது, கொஞ்சம் பொறு என்கிறேன்,
டீயைச் சொல்வதுபோல.