ஒரு மருதவீரன்

எங்கள் கிரவுண்டில் சிக்ஸர் என்று யாரும் சொல்வதில்லை.
மைக் என் கையில்.
கோயில் திருவிழாவுக்கு வாங்கியது;
திருவிழா நாலு நாள்,
மிச்ச நாளெல்லாம் அது எனக்குத்தான்.
ஆகவே கேளுங்கள், அபர்லீன் தோட்டத்து அகராதியை.

காலடியில் உருளும் பந்தைக் குனியாமல் பார்த்து
பவுண்டரி வரை கண்ணாலேயே வழியனுப்பினால்
அது வின்சன்ட் தொரை.
ஜீப்பை விட்டு அவர் இறங்கி நாங்கள் கண்டதில்லை.

ஓடிய ஓட்டத்தில் ஒன்றைக் கழித்து எழுதினால்
அம்பலவாணம்.
மட்டத்துத் தராசுக்காரர். ஈரத்துக்கு ரெண்டு கிலோ,
சாக்குக்கு ஒண்ணு, மனசுக்குத் தோணினதுக்கு ஒண்ணு.
ஸ்கோர் எழுதும் யோகராணி ஒருநாள் அம்பலவாணம் செய்தாள்.
மூன்று வாரம் அவளோடு யாரும் பேசவில்லை.
அவள் அவர் மகள் என்பது வேறு விஷயம்.

பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்தால்
கராத்தே செபஸ்தியான்.
பந்து பட்டதும் விழாமல்
கொஞ்சம் யோசித்து, கேமரா எங்கே என்று தேடி,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால்
நடிகர் இளஞ்சித்திரன்.
பட்டது முழங்காலில்.

இனி, மருதவீரன்.
மட்டையில் பட்டு எழும்பும், எழும்பும்,
தோட்டமே கழுத்தொடிய அண்ணாந்து நிற்கும்,
மூடுபனிக்குள் போகும்.
அவ்வளவுதான்.
போன தேர்தலில் தலைவர் பிரட்டுக்களத்தில் நின்று
ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, தனி வீடு,
கிரவுண்டுக்குக் கம்பிவேலி
என்று சொல்லிப் போன நாளிலிருந்து.

சித்திரை இறுதிப்போட்டி.
மேப்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும்.
பிரதம விருந்தினர் அவரேதான்.
வெள்ளை வேட்டி, வெள்ளை வண்டி, வழியெல்லாம் பட்டாசு.
"அக்கா, இன்னைக்கு மட்டும் வாய அடக்கு"
செயலாளர் கும்பிடாத குறை.

அடக்கினேன். முழுசாய்ப் பதினோரு ஓவர்.
கடைசிப் பந்து, மூன்று ஓட்டம் தேவை,
டிலக்சன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினான்.
பனி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.
முந்நூறு பேர் உதட்டைக் கடித்த அந்த அமைதியில்
என் வாய், பாழாய்ப்போன வாய்:
"ம...ரு...த...வீ...ரன்!"

லயமே வெடித்தது.
தலைவர் எழுந்தார், மாலை சரிந்தது,
நாலு பக்கமும் கும்பிட்டார்.
"அப்படீன்னா என்னம்மா அர்த்தம்?"
"ரொம்ப உயரம் போறதுங்க ஐயா."
பொய்யில்லை.

முக்கால் மணி நேரம் பேசினார்.
"இந்தத் தோட்டத்து ஒவ்வொரு பிள்ளையும்
ஒரு மருதவீரன் ஆகணும்!"
கம்பிவேலி அடுத்த மாசம் என்றார்.
செபஸ்தியான் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தார்,
கேமரா தேடாமல்.

திங்கட்கிழமை அந்தி மட்டம்.
நாலாம் நம்பர் மலையிலிருந்து வந்த அமராவதி
கூடையைக் கவிழ்த்தாள்.
கொழுந்தோடு உருண்டது பந்து, ஈரமாய், பச்சை பிடித்து.
"ஏய், மருதவீரன் கெடச்சிட்டாருடீ!"

அம்பலவாணம் நிமிர்ந்து பார்க்கவில்லை.
பந்துக்கு ஒரு கிலோ கழித்தார்.