வரிசை எண் 1,187

மண்டபம் வடக்குத் துறை.
தம்பி அடைக்கலம் டோக்கனுக்கு நிற்கிறான்.
ஐஸ் பிளாண்ட் சுவரோரம்
போனில் திறக்கிறேன் நாற்பத்தொரு பக்கம்.

நேற்றுவரை நான் 412.
இன்றைக்கு 1,187.
நடுவில் ஒன்றும் செய்யவில்லை,
தூங்கி எழுந்தேன்.

எங்கள் கம்பெனியை அவர்கள் கம்பெனி வாங்கியது.
விமான வாலிலிருந்த கொக்கை அழித்து
அவர்கள் நீலத்தைப் பூச
ஒரு ராத்திரி போதுமாக இருந்தது.
ஆட்களைச் சேர்க்கத்தான் பதினான்கு மாதம்.
வேலைக்குச் சேர்ந்த தேதிதான் கணக்கு என்றோம்.
விகிதம் என்றார்கள்:
அவர்களில் மூவருக்கு எங்களில் ஒருவர்.

எதிர்வரிசையில் கேப்டன் முஸம்மில், கீழக்கரைக்காரர்.
"அரிச்சல்முனையில ரெண்டு கடலும் சேருதே,
எந்த அலை மூத்ததுன்னு கேக்குதாம்மா?"
கேட்காது கேப்டன்,
அலைக்கு வீட்டுக்கடன் இல்லை.
சிரித்தார். விகிதத்தை மாற்றவில்லை.
இடைவேளையில் தொதல் பொட்டலத்தைப் பிரித்து
எங்கள் பக்கமும் தள்ளினார்.
அதை மட்டும்
சரிபாதியாக வெட்டினோம்.

இந்தத் தொழிலில் மேலே போவது
மேலே இருப்பவருக்கு வயதாவதால்.
டெல்லியில் யாரோ ஒரு பட்நாகர்,
முகம் பார்த்ததில்லை,
மார்ச் ஒன்பதில் அறுபத்தைந்து முடிகிறது அவருக்கு.
என் அம்மாவின் பிறந்தநாள் மறந்துபோன வருஷமும்
அது நினைவிருந்தது.
நானூற்றுப் பதினொரு பேரின் ஓய்வு நாளை
எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.
இனி ஆயிரத்து நூற்றி எண்பத்தாறு.

"என்னக்கா, கேப்டன் ஆயிட்டியா?"
வரிசையிலிருந்தே கத்துகிறான்.
இன்னும் பதினோரு வருஷம்டா.
"போன கிறிஸ்மஸுக்கு நாலுன்ன!"
முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார்.

விசைப்படகுக்கு மூன்று நாள், வல்லத்துக்கு நான்கு.
அந்தக் கணக்குக்கு எத்தனை வலை அறுந்தது,
எத்தனை மண்டை உடைந்தது
என்று அவனுக்குத் தெரியும்.
எனவே யார் கையெழுத்துப் போட்டது என்று
அவன் கேட்டுவிடக் கூடாது.

நான்தான் போட்டேன். ஐந்து பேரில் ஒருத்தியாக.
பதினேழாம் பிரிவு:
இணைப்பின் பெயரால் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது.
அதை வாங்கத்தான் எண்களைக் கொடுத்தோம்.
கொடுத்த எண்களில் என்னுடையதும் இருந்தது
அன்றே தெரியும்.
தெரிந்ததும் பார்ப்பதும் ஒன்றல்ல.

உச்சிப்புளியிலிருந்து கிளம்பிய கடற்படை விமானம்
துறைக்கு மேல் தாழ்ந்து திரும்புகிறது.
யாரும் நிமிரவில்லை, என்னைத் தவிர.

போன் அதிர்கிறது.
பயிற்சி முடித்து ஏழு மாதமான சம்யுக்தா:
"மேம், கடைசிப் பக்கம்,
கடைசிக்கு முந்தின வரி.
நான் இருக்கேன்."

கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்க்கிறேன்.
இருக்கிறாள்.
பெயரில்தான் ஓர் எழுத்துப் பிழை.
அதற்கு ஒரு மனு போட வேண்டும்,
திங்கட்கிழமை.