அம்புக்குறி

கார் மழையில் நிற்கிறது.
கராஜுக்குள் என் லேத்.
தனபாலன் இதைப் பற்றிப் பேசுவதைப்
போன மார்ச்சில் நிறுத்திவிட்டார்.

பகலில் ப்ராஸ்பெக்டனில் கார்த் தொழிற்சாலை.
அங்கே அளப்பதெல்லாம் இயந்திரம்;
பச்சை விளக்கைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு
எனக்குச் சம்பளம்.
இரவில் சாட்ஸ்வர்த். இங்கே அளப்பது
என் கட்டைவிரல்.

வரைபடம், தண்ணீர் பில்லின் பின்புறம்.
சூட்டுக்கு ஒரு சிலிண்டர், குளிருக்கு ஒன்று,
நடுவே தொண்ணூறு பாகை.
நீராவி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம்.
அடைபட்ட காற்று சூட்டில் வீங்கும்,
குளிரில் சுருங்கும்,
அந்தத் தவிப்பில் ஒரு சக்கரம் சுற்றும்.
தாளில் சுற்றியது.

ஃப்ளைவீலுக்கு, ஜேக்கப்ஸ் பழைய இரும்புக் கடையில்
ஏதோ கப்பலிலிருந்து கழன்ற பித்தளை மூடி.
எதற்கு என்றார் குமேடே.
இன்ஜினுக்கு.
எந்த வண்டிக்கு?
எந்த வண்டிக்கும் இல்லை.
எடை போட்ட காசில்
ஐந்து ராண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பிஸ்டன் மூன்று செய்தேன்.
முதலாவது தொளதொள.
இரண்டாவது துளைக்குள் போய்
கல்யாணம் முடிந்தும் கிளம்பாத சம்பந்தி போல
உட்கார்ந்துவிட்டது.
மூன்றாவதில், மயிரிழையில் பாதி
சீவ வேண்டிய கடைசி நொடியில்
தெரு முழுக்க இருட்டு.
அட்டவணைப்படி எட்டு மணி.
நான்தான் மறந்திருந்தேன்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மெருகுப் பசை தடவிக்
கையால் தேய்த்தேன்.
துடைத்து, போட்டுப் பார்த்து, எடுத்து,
மறுபடி துடைத்து.
எத்தனையாவது முறையோ,
சிலிண்டரின் அடிவாயை விரலால் பொத்தியபோது
பிஸ்டன் விழவில்லை.
காற்றின் மேல் உட்கார்ந்திருந்தது.
விரலை எடுத்தேன், டொப்பென்று இறங்கியது.
பத்துத் தடவையாவது விளையாடியிருப்பேன்,
நாற்பத்தாறு வயதில்.

எல்லாம் பூட்டி முடித்தபோதும் கரண்ட் வரவில்லை.
ஸ்பிரிட் விளக்கு. நீலச் சுடர்.
நூறு எண்ணினேன்.
முந்தின வாரமே அவசரப்பட்டுச்
சக்கரத்தில் செதுக்கியிருந்த
அம்புக்குறியின் திசையில்
சுண்டிவிட்டேன்.

அரைச் சுற்றுப் போனது. நின்றது.
பிறகு, யாரும் சொல்லாமலே,
அம்புக்கு எதிராகச் சுற்றத் தொடங்கியது.

பில்லைத் திருப்பிப் பார்த்தேன்.
தொண்ணூறு சரிதான்;
முன்னால் வைக்க வேண்டியதைப்
பின்னால் வைத்திருக்கிறேன்.
ஒரு திருகைத் தளர்த்தினால் போதும்.

தனபாலன் மெழுகுவர்த்தியோடு வந்தார்.
ஃப்ரிட்ஜ் இல்லை, டிவி இல்லை,
அந்தச் சரிவு முழுவதும்
ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்,
தையல் மெஷினைத் தூரத்தில் கேட்பது போல.
"இது என்ன செய்யும்?"
"சுத்தும்."
"அம்பு வேற பக்கம் காட்டுதே."
"ஆமா."

கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாவில்
மெதுவாக உட்கார்ந்தார்.
வெளியே கார்க் கூரையில் மழை சத்தம் போட்டது.
ஸ்பிரிட் தீரும் வரை
நான் திருகைத் தொடவில்லை.