நாக்கில்லாத தலைகள்

படிவத்தில் எட்டுக் கட்டங்கள்:
கணக்கு, மொழி, அறிவியல், சமூகம்,
இசை, ஓவியம், உடற்பயிற்சி, சமையல்.
உலகக் குடிமை எந்தப் பாடத்தில் கற்பிக்கப்படுகிறது?
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

போடோவிலிருந்து காலைப் படகில் வந்த அஸ்லாய்க்
அதை மடியில் வைத்துக்கொண்டு
நான்காம் வகுப்பின் கடைசி வரிசையில்
முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்.
வெப்பக் குழாயின் மேல் ஈரக் காலுறைகள்.
சன்னலுக்கு வெளியே, மரச்சட்டங்களில்,
கட்டுக்கட்டாய்க் காட் மீன் தலைகள்
வாய் திறந்து தொங்குகின்றன,
கேட்க வந்ததை மறந்துபோனவர்கள் போல.

முதலில் கணக்கு.
ஒரு சாக்கில் முப்பது கிலோ தலை.
லோஃபோதனில் இத்தனை குரோனர்,
கப்பலேறி லாகோஸில் இறங்கினால் இத்தனை நைரா.
ஹெர்டிஸ் டீச்சர் எழுதி முடிப்பதற்குள் ஈவர்:
"போன வருஷமும் இதே தலைதானே,
அங்கே மட்டும் ஏன் இரண்டு மடங்கு?"
"மீன் மாறலை, பணம் மெலிஞ்சுபோச்சு,"
என்கிறாள் சுன்னிவா.
ஏற்றுமதிக் கணக்கு எழுதுபவரின் மகள்.
"அப்போ ஒரு வீட்டுக்கு
பாதித் தலைதான் வாங்குவாங்களா?"

விடைத்தாளில் அதற்கு இடமில்லை.
டீச்சர் பலகையின் ஓரத்தில்
பாதித் தலை ஒன்றை வரைந்து
அப்படியே விட்டுவிடுகிறார்.
அஸ்லாய்க்கின் பேனா
'கணக்கு' கட்டத்துக்கு மேலே நிற்கிறது.
மணி அடிக்கிறது.

மொழி வகுப்பில் ஓர் ஒலிப்பதிவு.
அபா சந்தையில் மீன் விற்கும் உலோமாவின் குரல்,
பின்னால் ஹாரன்கள், யாரோ சிரிக்கிறார்கள்.
இக்போவில் இதன் பெயர் ஒக்போரோக்கோ.
பானையில் சத்தம் போடுவது என்று பொருளாம்.
கல்லாய்க் காய்ந்தது கொதியில் புரளும்போது
பாத்திரத்தோடு வாயடிக்குமாம்.
பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சொல்லிப் பார்க்கிறார்கள்,
ஒக்போரோக்கோ, ஒக்போரோக்கோ!
பக்கத்து வகுப்பு ஆசிரியர்
கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

லிதுவேனியாவிலிருந்து வந்த ருகிலே மட்டும் தட்டவில்லை.
"அந்தத் தலையெல்லாம் கோக்கிறது என் அம்மா.
எட்டு மணி நேரம், நின்னுக்கிட்டே.
அவங்களுக்கு என்ன பேர்?"
யாருக்கும் கேள்வி புரியவில்லை.
டீச்சருக்குப் புரிந்தது.
"நாளைக்கு அவங்களையே வரச்சொல்லிக் கேட்போமா?"
ருகிலே தோளைக் குலுக்குகிறாள்.
நாளைக்கும் அம்மாவுக்கு ஷிஃப்ட்.

அறிவியலில் காற்றும் குளிரும்.
உறையும் குளிர் கூடாது, ஈ மொய்க்கும் வெயிலும் கூடாது,
இரண்டுக்கும் நடுவில் தானாய்க் காயும்
உப்பில்லாக் கருவாடு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பே இடாத இவர்களை
அங்கே எதைச் சொல்லி நினைப்பது?

இரண்டு மணிக்குப் பள்ளி விட்டதும்
பாதி வகுப்பு மீன் கொட்டகைக்கு ஓடுகிறது.
ரப்பர் அங்கி, கையுறை, கத்தி.
நட்டுவைத்த இரும்பு முள்ளில் தலையைச் செருகி
ஒரே இழுப்பில் நாக்கை அறுக்கிறார்கள்.
இந்தத் தீவுகளில் அது பிள்ளைகளின் வேலை,
நாக்குக் காசு அவர்களுக்கே.
ஈவர் சைக்கிளுக்குச் சேர்க்கிறான்.
அறுத்த தலைகள் சறுக்கிப் போய்
ருகிலேயின் அம்மா முன்னால் குவிகின்றன.
அஸ்லாய்க் அருகில் போய்ப் பெயரைக் கேட்டார்.
இயந்திரச் சத்தத்தில் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

முழங்கை வரை ரத்தத்தோடு
சுன்னிவா திடீரென்று நிமிர்கிறாள்:
"நாக்கை நாம எடுத்துக்கிட்டோம்.
அங்கே போய் எப்படிப் பேசுது?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அடுத்த தலை.

மாலைப் படகில் படிவம் மீன் வாடை அடிக்கிறது.
எட்டுக் கட்டங்களும் வெறுமை.
அடியில், குறிப்புகளுக்கென்று விட்ட ஒற்றை வரியில்
'பாதித் தலை' என்று எழுதி, அடித்துவிட்டு,
'தைவா' என்று எழுதுகிறார்.
அலுவலகத்தில் கேட்பார்கள்,
இது எந்தப் பாடம் என்று.
அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டதில்
கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.